மழையைப் பார்த்தவர் பேராசிரியர் ஆனார்!

'அவனுக்குப் படிப்பு ஏறல சார். பேசாம வேலைக்கு அனுப்பிரலாம்னு இருக்கோம்.'

கோவில்பட்டிப் பக்கம் வாத்தியாராக இருப்பவன் இந்த வசனத்தை வருஷத்துக்கு நாலு தடவையாவது கேட்டாக வேண்டும். சொல்பவர் அப்பா. பையன் பின்னால் நின்று கால் பெருவிரலால் தரையைக் கிளறிக்கொண்டிருப்பான். ஒரு காலத்தில் 'வேலை' என்றால் தீப்பெட்டி ஆபீஸ். இப்போது ஒர்க்‌ஷாப், ஜவுளிக்கடை, திருப்பூர் பனியன் கம்பெனி.

அந்த நேரத்தில் நான் எடுத்துவிடும் பிரம்மாஸ்திரம், இடைசெவல்!

கோவில்பட்டியில் திருநெல்வேலி பஸ் ஏறினால் கொஞ்ச தூரத்திலேயே வரும் ஊர். அங்கே பிறந்த கி.ராஜநாராயணன் பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர். தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதே மழைக்குத்தான், அப்போதும் பார்த்தது மழையைத்தான் என்று தன்னையே கிண்டல் பண்ணிக்கொள்வார். அந்த மனுஷரைத்தான் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம் கூப்பிட்டுப் பேராசிரியராக்கியது. 1991-ல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு சாகித்ய அகாதமி விருது. அதே ஊர்க்காரர், அவருடைய சேக்காளி கு.அழகிரிசாமிக்கு 1970-லேயே அந்த விருது வந்தாயிற்று. ஒரே கிராமத்துக்கு ரெண்டு!

இதை ஒருமுறை உணர்ச்சி பொங்கச் சொல்லி முடித்தேன். கேட்டுக்கொண்டிருந்த அப்பா சட்டென்று மடக்கினார்:

'அப்போ படிக்காமலே பேராசிரியர் ஆகலாம்னு சொல்லுங்க!'

பிரம்மாஸ்திரம் திரும்பி வந்து என்னையே தாக்கியது. சுதாரித்துக்கொண்டு சொன்னேன்: 'அவர் விட்டது பள்ளிக்கூடத்தை, படிப்பை இல்லண்ணாச்சி. காட்டு வேலை பார்த்துக்கிட்டே புஸ்தகம் படிச்சார். ஊர் ஜனம் பேசுறதைக் காது குடுத்துக் கேட்டார். கடைசியில கரிசக்காட்டுப் பேச்சுக்கு ஒரு சொல்லகராதியே போட்டார். லட்சத்துல ஒருத்தருக்குத்தான் யூனிவர்சிட்டி தானா கதவைத் திறக்கும். மத்தவனுக்கு மார்க் ஷீட் வேணும்.'

'படிப்பு ஏறல' என்கிறார்களே, அந்தப் பையனிடம் கரிசல் மண்ணைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஈரத்தைப் பிடித்து வைக்கும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும் என்று புஸ்தகம் ரெண்டு வரியில் முடித்துவிடும். இவனோ மழை நாளில் காலுக்கு ஒரு கிலோ மண்ணோடு நடந்தவன். கோடையில் கை நுழைகிற வெடிப்பில் கம்பை விட்டு ஆழம் பார்த்தவன். ஐப்பசி மழை நின்றபிறகும் அந்த ஈரத்தில் உளுந்தும் பருத்தியும் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்று மூச்சுவிடாமல் சொல்வான். அங்கேயிருந்து பாடத்தை ஆரம்பித்தால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். 'கம்மாய்' என்று அவன் எழுதினால் நான் சிவப்பு மையால் அடிப்பதில்லை. பக்கத்தில் 'ஏரி' என்றும் ஒன்று எழுதச் சொல்வேன். ரெண்டும் அவனுக்கு வேண்டும்.

சென்னையில் ஆபீஸ் கேன்டீனில் 'எங்கிட்டுப் போற' என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, 'எங்க போற' என்று மாற்றிக்கொள்ளும் தம்பிகளுக்கும் இதையேதான் சொல்வேன். புதுசைக் கற்றுக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. அதற்காகப் பழசை எதற்கு ஒளித்து வைக்க வேண்டும்? அதை வைத்தே ஒருத்தர் பேராசிரியர் ஆகியிருக்கிறார்.

அந்தப் பையனா? இப்போது ப்ளஸ் டூ. மார்க் சுமார்தான். ஆனால் வருகிறான்!