பெண் மூலம் நிர்மூலமா? வானத்தைப் பாருங்கள்!

என்னோடு வேலை பார்க்கும் அண்ணாச்சி நெல்லைச் சீமைக்காரர். அவர் மகள் பி.காம். முடித்து, தானேயில் வேலை பார்க்கிறாள். சென்ற மே மாதம் ஊரிலிருந்து போன் வந்தது. மூன்றாவது முறையாக ஜாதகம் திரும்பி விட்டது. காரணம், பெண்ணுக்கு மூல நட்சத்திரம். மாமனாருக்கு ஆகாதாம்!

அன்று எங்கள் இருவருக்கும் இரவு டூட்டி. கசாரா பக்கம் ஸ்டேஷன் விளக்குகளைத் தாண்டினால் நல்ல இருட்டு.

"தம்பி, அந்த மூலம் எங்கேதான் இருக்கு? நீ பார்த்திருக்கியா?" என்றார்.

"வாங்க அண்ணாச்சி, காட்டுறேன்" என்று பிளாட்பாரக் கோடிக்கு அழைத்துப் போனேன்.

மூன்று நட்சத்திரங்கள்

நள்ளிரவு தாண்டித் தெற்கே பார்த்தால் பெரிய தேள் ஒன்று வானத்தில் கிடக்கும். அதுதான் விருச்சிகம். தலையில் வரிசையாக நிற்கும் மூன்றும் அனுஷம். நெஞ்சில் சிவப்பாக மின்னுவது கேட்டை. வளைந்த வாலின் நுனியில் மூலம். பஞ்சாங்கத்தில் மூலம் தனுசு ராசி. வானத்தில் தேளின் கொடுக்கு!

கேட்டையின் ஒளி நம்மை அடைய ஏறக்குறைய 550 ஆண்டுகள் ஆகிறது. இன்று நாம் காண்பது விஜயநகர மன்னர்கள் காலத்தில் புறப்பட்ட ஒளி. சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் பூமியை விழுங்கி, செவ்வாயின் பாதையையும் தாண்டி நிற்கும். "ஜேஷ்டா", அதாவது மூத்தவள் என்று அதற்குப் பெயர். ஆனால் சூரியனுக்கு வயது 460 கோடி ஆண்டு. கேட்டைக்கோ ஒன்றரைக் கோடிக்குள்தான்!

அனுஷத்தின் நடு நட்சத்திரம் 2000-ம் ஆண்டில் திடீரெனப் பிரகாசித்தது. அதை முதலில் கண்டுபிடித்தவர் அர்ஜென்டினாவைச் சேர்ந்த செபாஸ்டியன் ஓட்டரோ. பொழுதுபோக்காக வானம் பார்ப்பவர் அவர். பக்கத்து நட்சத்திரங்களோடு வெறுங்கண்ணால் ஒப்பிட்டே கண்டு கொண்டார்.

மூலத்தில் பெரியது ஷௌலா. அரபு மொழியில் தூக்கிய வால் என்று பொருள். சூரியனின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 5,500 டிகிரி. இதற்கு சுமார் 25,000 டிகிரி. அதனால் நீலம் கலந்த வெண்மை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும், மூன்று நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றும் குடும்பம் அது.

பசிபிக் தீவு மக்களுக்கு இதே வளைவு தேள் அல்ல, தூண்டில் முள்!

ஐந்து கோடிப் பேர்

ஜன்ம நட்சத்திரம் என்பது என்ன? பிறந்த நேரத்தில் சந்திரன் எந்த நட்சத்திரப் பகுதியில் நின்றதோ அதுதான். சந்திரன் வானத்தை ஒரு சுற்றுச் சுற்ற 27 நாளும் சில மணி நேரமும் ஆகிறது. 27 நட்சத்திரம், நாளுக்கு ஒன்று.

அப்படியானால் 27 பேரில் ஒருவர் மூலம். நாட்டில் 140 கோடிப் பேர் என்றால், 5 கோடிக்கு மேல் மூல நட்சத்திரக்காரர்கள். பாதிப் பேர் பெண்கள். அத்தனை பேரின் மாமனார்களுக்கும் ஆபத்து என்றால் நாடு தாங்குமா?

சந்திரன் இருப்பது 3 லட்சத்து 84 ஆயிரம் கிலோ மீட்டரில். அதன் ஒளி ஒன்றேகால் நொடியில் வந்து விடும். மூலத்தின் ஒளி வரப் பல நூறு ஆண்டு. இரண்டும் பக்கத்தில் இருப்பதாகத் தெரிவது நம் கண்ணுக்குத்தான்.

அண்ணாச்சி வெகு நேரம் அண்ணாந்து பார்த்தார். "இதுக்கா மூணு பேரு திருப்பி அனுப்பினான்?" என்றார். அப்புறம் பேசவில்லை. விடியற்காலை கூட்ஸ் வந்ததும் வேலைக்குத் திரும்பினோம்.

மறு வாரம் மகளையே அழைத்து வந்து காட்டினார். இனி வரும் வரனிடம் ஜாதகம் தருவதில்லை என்று வீட்டில் சொல்லி விட்டாராம்.

வாசகர்களும் பார்க்கலாம். மழை ஓய்ந்த பின், அக்டோபர் தொடக்கத்தில் இரவு ஏழரை மணிக்குத் தென்மேற்கே பாருங்கள். கண்ணாடியோ கருவியோ வேண்டாம். வீட்டில் மூலத்துப் பெண் இருந்தால் அவளையும் கூட்டிச் செல்லுங்கள்.