உருட்டிய பகடையைத் திரும்ப எடுக்கலாமா?



வீடியோ கேம் பற்றி எழுத, எழுபது வயதைத் தாண்டிய இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். என் ஒரே தகுதி, விடுமுறைக்குத் திருப்பதியிலிருந்து சித்தூருக்கு வரும் என் பேரன். இன்டர் முடித்தவன். வந்த நாள் முதல் லேப்டாப்பும் கையுமாகவே இருப்பான். ஒரு நாள் மாலை என்னைக் கூப்பிட்டான்.

"தாத்தா, இதுல ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் காப்பாத்த முடியும். யாரைக் காப்பாத்தட்டும்? ஒரு தடவை அழுத்திட்டா மாத்த முடியாது."

"தப்பாப் போனா மறுபடி முதல்லேர்ந்து ஆடிக்கோயேன்டா."

"அப்படி ஆடினா அப்புறம் என்ன இருக்கு தாத்தா? மாத்த முடியாதுங்கறதுதான் இதுல விசேஷமே!"

திருத்த முடியாத முடிவு என்றால்தான் கதைக்குள் முழுதாக மூழ்க முடியுமா? அன்று முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், நம் பக்கத்துப் பாரதக் கூத்தில் நான் கண்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அடையாளத் தாள்

கதை சொல்லும் கேம்களில் 'சேவ்' என்று ஒரு வசதி உண்டு. புத்தகத்தில் அடையாளத் தாள் வைப்பது போல, நிறுத்திய இடத்தைக் கம்ப்யூட்டர் நினைவில் வைத்துக்கொள்ளும். எடுத்த முடிவு பிடிக்கவில்லையா, பழைய அடையாளத்துக்குத் திரும்பிப் போய் வேறு முடிவு எடுக்கலாம். சௌகரியம்தான். ஆனால் எதையும் திருத்தலாம் என்று தெரிந்துவிட்டால் எதற்கும் பயமில்லை. பயமில்லாத இடத்தில் யோசனையும் இல்லை. சதுரங்கப் போட்டிகளில் தொட்ட காயை நகர்த்தியே தீரவேண்டும் என்று விதி வைத்திருப்பதை நினைத்துப் பாருங்கள். கை நீளும் முன்பே மூளை வேலை செய்யவேண்டும்.

இதைக் கம்ப்யூட்டருக்கு ஆரம்ப காலத்திலேயே கொண்டுவந்தது 1980-ஐ ஒட்டி வெளிவந்த 'ரோக்' என்ற விளையாட்டு. அதில் நம் வீரன் இறந்தால் இறந்ததுதான். 2015-இல் வந்த 'அன்டில் டான்' ஒரு திகில் கதை. அதில் வரும் 8 இளைஞர்களும் பிழைக்கலாம், 8 பேரும் சாகலாம். எல்லாம் ஆடுபவர் நொடிப்பொழுதில் எடுக்கும் முடிவைப் பொறுத்தது. பேரன் அதை ஆடும்போது அவன் பாட்டி காபி கொண்டுவந்து வைத்ததுகூட அவனுக்குத் தெரியாது.

அப்படியானால் பேரன் சொன்னது சரியா? பாதிதான் சரி என்பேன்.

பயம் மட்டும் போதாது

ஜப்பானில் 1990-இல் தொடங்கிய 'ஃபயர் எம்பளம்' என்ற போர் விளையாட்டில், களத்தில் மாண்ட வீரன் திரும்ப வரமாட்டான். ஆனால் ஆடியவர்களில் பலர் செய்தது என்ன? ஒரு வீரன் இறந்தவுடன் இயந்திரத்தை அணைத்துவிட்டு, அந்தப் போரை மறுபடி தொடங்கினார்கள்! இழப்பைத் தாங்கிக் கதையைத் தொடர்வதற்குப் பதில், கதையை விட்டே வெளியே வந்துவிட்டார்கள். 2010-இல் வந்த பதிப்பில், இறந்தவர்கள் அடுத்த போருக்குத் திரும்பி வரும்படியான எளிய முறை ஒன்றைச் சேர்த்தார்கள்.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்து நாம் ஆடும் பரமபதத்தையும் பாருங்கள். பாம்பு கடித்தால் இறங்கியே ஆகவேண்டும், மன்றாடிப் பயனில்லை. ஆனால் அங்கே நாம் எடுக்கும் முடிவு என்று ஒன்றுமில்லை, எல்லாம் தாயம் விழுவதைப் பொறுத்தது. அதனால் கீழே இறங்கினால் சிரிக்கிறோமே தவிர, மனம் குற்ற உணர்வில் குறுகுவதில்லை.

ஆகவே, திருத்த முடியாமை மட்டும் போதாது. முடிவு நம்முடையதாக இருக்கவேண்டும். இழப்பவர் மீது நமக்குப் பாசம் இருக்கவேண்டும். இழப்புக்குப் பிறகும் கதை நடக்கவேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது மனத்தைப் பிடிக்கிறது.

தருமர் ஆடிய இரண்டு ஆட்டங்கள்

சித்தூர், திருப்பதி வட்டாரத்துக் கிராமங்களில் தர்மராஜர் கோயில்கள் பல உண்டு. திரௌபதியம்மன் திருவிழாவில் பகலில் பாரதக் கதை, இரவில் கூத்து. அர்ச்சுனன் வேடமிட்டவர் உயர்ந்த தபசு மரத்தில் ஏறுவார். நிறைவாக, தரையில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனின் பெரிய உருவத்தைப் பீமன் தொடையில் அடித்துச் சாய்ப்பார். பிறகு தீமிதி. தெலுங்கு பேசுவோரும் தமிழ் பேசுவோரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

சூதாட்ட இரவில் ஒரு மூதாட்டி, "வேணாம் தருமரே, எழுந்து வந்துடு!" என்று கண்ணீருடன் கத்தியதை நானே கேட்டிருக்கிறேன். முடிவு அந்த அம்மாளுக்குத் தெரியாதா? ஆண்டுதோறும் பார்ப்பவர்தானே! ஒவ்வொரு பணயத்துக்குப் பிறகும் தருமர் எழுந்துவிடலாம், ஆனால் எழமாட்டார். அதுதான் அவரைக் கதற வைத்தது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. வியாச பாரதத்தின் சபா பருவத்தில் சூதாட்டம் ஒன்றல்ல, இரண்டு. முதல் ஆட்டத்தில் இழந்ததையெல்லாம், திரௌபதிக்குக் கொடுத்த வரங்களின் பேரில் திருதராட்டிரன் திருப்பித் தந்துவிடுகிறான். கேம் பாஷையில் சொன்னால், பழைய 'சேவ்' திரும்பக் கிடைத்துவிட்டது! நாடும் வந்தது, விடுதலையும் வந்தது. ஆனால் சபையில் நேர்ந்த அவமானம் போயிற்றா? போகவில்லை. தருமர் மறுபடி ஆட உட்கார்ந்தார். வனவாசமும் போரும் அதன் பின் வந்தவை. பொருளைத் திருப்பித் தரலாம். நடந்ததை நடக்காததாக்க முடியாது. இதைக் கதை நமக்கு உணர்த்திவிட்டால், பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் சரி, நாம் உள்ளேதான் இருப்போம்.

'வெண்பா'

சென்ற விடுமுறையில் பேரன் இன்னொரு கேமைக் காட்டினான். பெயர் 'வெண்பா'. கனடாவின் டொரண்டோவில் உள்ள 'விசை கேம்ஸ்' 2023 ஜூலையில் வெளியிட்டது. 2024-இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்றது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தம்பதியின் கதை. தாய் கொடுத்த, ஆங்காங்கே சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு நாம் இட்லியும் மற்றவையும் செய்யவேண்டும்.

அதில் சமையல் தவறினால் தண்டனை இல்லை, மறுபடி செய்யலாம். பேரன் சொன்ன கணக்குப்படி பார்த்தால் அது மனத்தைத் தொடவே கூடாது. ஆனால் அவர்கள் மகன் கவின் மெல்ல மெல்லத் தமிழை விட்டு விலகுகிறான். வளர்ந்த பிறகு, அம்மாவின் தமிழ்க் குறிப்பைப் படிக்கத் திணறுகிறான். இட்லியைத் திரும்ப அவிக்கலாம், போன வருடங்களை அவிக்க முடியுமா?

பேரன் ஆடிக்கொண்டே இருந்தவன் சட்டென்று நிறுத்திவிட்டுக் கேட்டான்: "தாத்தா, அப்பாவுக்கு ஏன் தமிழ் படிக்கக் கத்துக்கொடுக்கல?"

வாசகர்களே, எனக்குப் பதில் வரவில்லை. 1979-இல் வேலை நிமித்தம் வேலூரிலிருந்து சித்தூருக்கு வந்தவன் நான். பேருந்தில் ஏறினால் வேலூர் ஒரு மணி நேரப் பயணம்தான். ஊருக்கா போய்விட்டோம், பக்கத்தில்தானே இருக்கிறோம் என்ற நினைப்பு. மகனைப் பள்ளியில் சேர்த்தபோது தெலுங்கும் ஆங்கிலமும் போதும், தமிழை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். வீட்டில் பேச்சு வந்தது, எழுத்து வரவில்லை. அன்று அது ஒரு முடிவாகவே எனக்குத் தோன்றவில்லை. "இதை மாற்ற முடியாது" என்று எச்சரிக்க அங்கே திரை எதுவும் இல்லையே! வாழ்க்கையில் திருத்த முடியாத முடிவுகள் பெரும்பாலும் அறிவித்துவிட்டு வருவதில்லை.

மகன் அடிக்கோடிட்டுப் படிக்கவேண்டிய வயது போய்விட்டது. அந்த ஆட்டம் முடிந்தது. ஆனால் பேரனுக்கு அன்றிரவே ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொடுத்து 'அ' போட்டுக் காட்டினேன். விடுமுறை முடிவதற்குள் தன் பெயரை எழுதிவிட்டான். திருப்பதிக்குப் பேருந்து ஏறும்போது அந்த நோட்டைப் பையில் வைத்துக்கொண்டான். போன வாரம் தொலைபேசியில் அவன் அப்பா பேசினார்:

"அப்பா, பையன் நோட்டை நானும் எடுத்துப் பார்த்தேன். 'ழ' எப்படிப் போடறதுன்னு மட்டும் சொல்லுங்க."

என் கணக்கு தப்பு போலிருக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நோட்டு இருக்கட்டும்.