குளத்தைக் கூடவே கொண்டுபோன கப்பல்

வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழும் பீவர், மரத்தைக் கொறித்துச் சாய்த்து ஓடையை அடைத்துத் தனக்கென்று ஒரு குளம் கட்டிக்கொள்ளும். மலேசியாவின் கிந்தா பள்ளத்தாக்கில் அந்தப் பிராணி கிடையாது. ஆனால் தான் மிதக்கும் குளத்தைத் தானே வெட்டிக்கொண்டு, ஆற்றுச் சமவெளியையே புரட்டிப்போட்ட ஒன்று இங்கே இருந்தது: வெள்ளீயத் தாது தோண்டும் ஈயக்கப்பல்.

பத்து காஜாவுக்குத் தெற்கே, தஞ்சோங் துவாலாங் சாலையோரம் நிற்கும் ‘டி.டி.5’ என்ற ஈயக்கப்பல் 1938இல் கட்டப்பட்டது. எடை 4,500 டன். அதைத் தாங்கும் மிதவையின் நீளம் 75 மீட்டர். 1982 வரை உழைத்த இந்தக் கப்பல் கடலைப் பார்த்ததே இல்லை.

முன்பக்கம், எஃகு வாளிகள் கோத்த நீண்ட சங்கிலி குளத்தடியில் இறங்கிச் சேற்றைச் சுரண்டி மேலே கொண்டுவரும். உள்ளே சுழலும் சல்லடை உருளையில் தண்ணீர் பீய்ச்சியடிக்க, கல்லும் கட்டியும் ஒதுங்கிவிடும். மிச்சம் அலசும் தொட்டிகளுக்குப் போகும். சூட்சுமம் அங்கேதான். தொட்டி நீர் மேலும் கீழும் துடித்துக்கொண்டே இருக்கும். ஈயத்தாது தண்ணீரைவிட ஏறக்குறைய 7 மடங்கு கனம்; மணலோ இரண்டரை மடங்கைச் சற்றே தாண்டும். ஒவ்வொரு துடிப்பிலும் தாது அடியில் தங்க, மணல் வழிந்தோடிவிடும். அரிசி களைந்து கல் அரித்த கைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கழித்த மணலைக் கப்பல் பின்னால் கொட்டும். முன்னே கரை கரையக் கரைய, பின்னே குளம் தூர்ந்துகொண்டே வரும். கப்பலோடு குளமும் நகரும்.

பீவரின் அணை வண்டலைத் தேக்கி ஆற்றைத் தெளிய வைக்கும். ஈயச் சுரங்கங்கள் ஆற்றில் வண்டலைக் கலந்தன. மேல்மண் புதைந்து வெறும் மணல் மேலே வந்தது. அந்த இழப்பைச் சிறிதாக்கிப் பேச எனக்கு மனமில்லை.

1985இல் ஈய விலை சரிய, சுரங்கங்கள் மூடின, ஈயக்குட்டைகள் மிஞ்சின. ஆழம் தெரியாத அவற்றில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். ஆனால் அவற்றைத் தரிசு என்று சொல்லித் தூர்ப்பதையும் என்னால் ஏற்க முடியாது. பத்து காஜா அருகே, கிந்தா இயற்கைப் பூங்காவின் குட்டைகளில் செந்நாரையும் இராக்கொக்கும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. தஞ்சோங் துவாலாங்கில் ஆற்று இறால் வளர்க்கிறார்கள். அதைச் சாப்பிடவே ஈப்போவிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்கள் உண்டு.