நடவாட்களின் ஊக்கமும் நிலக்காரரின் கடமையும்

விதை, எரு, நீர் ஆகிய மூன்றையும் பற்றி அக்கறையோடு விசாரிக்கும் நிலக்காரர்கள், அம்மூன்றையும் பலன்படச் செய்கின்ற வேலையாட்களின் மனப்பாங்கைப் பற்றி விசாரிப்பது அரிதாயிருக்கிறது. ஆள் சரியில்லை, சொன்னபடி நடுவதில்லை, கண் மறைந்தால் கை நின்றுவிடுகிறது என்னும் குறை ஒவ்வொரு நடவுக் காலத்திலும் வரப்புதோறும் கேட்கப்படுகிறது. இக்குறை முழுவதும் பொய்யன்று. ஆயினும், ஆள் அவ்வாறு நடப்பதற்குக் காரணம் அவருடைய குணமா, அன்றி அவருக்கு ஏற்படுத்திய கூலித் திட்டமா என்பதை ஆராய்தல் வேண்டும். நெல் நடவை உதாரணமாக எடுத்துக்கொண்டால் இவ்விஷயம் தெளிவாகும்.

செம்மை நடவில் நேர்ந்த தடை

குத்துக்கு ஒரே நாற்றாக நடுவது நம் பக்கத்துக்குப் புதிதன்று. 1910-களிலேயே சென்னை மாகாண விவசாய இலாகா அதனைக் குடியானவர்களுக்கு எடுத்துக் கூறியதுண்டு. மடகாஸ்கர் தீவில் ஹென்றி தெ லொலானி என்னும் பாதிரியார் 1980-களில் வகுத்த முறையானது, 2000-ஆம் ஆண்டுக்குப் பின் தமிழ்நாட்டில் சோதிக்கப்பட்டு, செம்மை நெல் சாகுபடி என்னும் பெயரால் பரவிற்று. சுமார் 14 நாள் வயதுள்ள இளநாற்றை, 25 செ.மீ.க்கு 25 செ.மீ. இடைவெளியில், குத்துக்கு ஒன்றாக, ஆழமின்றி நடுவதும், உருளைக் களைக்கருவியைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுவதும் இதன் முக்கிய அங்கங்கள். குறுகிய கால நெல்லுக்குப் பழைய முறையில் ஏக்கருக்குச் சுமார் 24 கிலோ விதை வேண்டும்; இம்முறையில் 3 கிலோ போதும்.

வேலைக் கணக்கும் கவனிக்கத்தக்கது. 20 செ.மீ.க்கு 10 செ.மீ. நடவில் சதுர மீட்டருக்கு 50 குத்துக்கள், அதாவது ஏக்கருக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் ஊன்ற வேண்டும். செம்மை நடவில் சதுர மீட்டருக்கு 16 குத்துக்கள். ஏக்கருக்குச் சுமார் 65,000 மட்டுமே. இவ்வாறு வேலை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தும், பல ஊர்களில் நடவுப் பெண்கள் இம்முறைக்கு உடன்படத் தயங்கினார்கள். அறியாமையே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவர்கள் பக்கத்துக் கணக்கைப் பார்த்தால் அத்தயக்கம் நியாயமானதென்று விளங்கும்.

நடவு பெரும்பாலும் ஏக்கருக்கு இவ்வளவு என்ற ஒப்பந்தத்தில் நடக்கிறது. பிடி நாற்றைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்து ஊன்றிப் பழகிய கை, கயிற்றையும் அடையாளக் கோட்டையும் பார்த்து மெல்லிய நாற்றை ஒவ்வொன்றாக வைக்கத் தொடங்கும்போது, முதற் சில நாட்களில் வேகம் குன்றும். ஒரு நாளில் முடிய வேண்டிய நிலம் இரண்டாம் நாளுக்கும் நீளும். ஒப்பந்தத் தொகை அதுவேயாதலால், புதுமுறையைக் கற்றுக்கொள்ளும் நஷ்டம் முழுவதும் நடுகிறவர் தலையில் விழுகிறது. விதை மிச்சமும் விளைச்சல் லாபமும் நிலக்காரருக்குப் போகின்றன. அன்றியும், கைக்களை எடுப்பது பெண்களுக்கு நடவுக்கு அடுத்த வருவாய். களைக்கருவி வந்தவுடன் அவ்வேலை பல இடங்களில் ஆண்கள் கைக்கு மாறிவிட்டது. தம் கூலிநாட்களைக் குறைக்கும் முறையைத் தாமே சிரத்தையோடு நட்டுத்தர வேண்டுமென்று எதிர்பார்ப்பது எங்ஙனம் பொருந்தும்?

எதற்குக் கூலியோ அதுவே நடக்கும்

பரப்புக்குக் கூலி கொடுத்தால் வேகம் கிடைக்கும், குத்துக்கள் விலகிப்போகும். நாளுக்குக் கூலி கொடுத்தால் நிதானம் கிடைக்கும். மேற்பார்வை இல்லாவிடில் பொழுதும் போகும். இரண்டில் எதுவும் தன்னளவில் தீயதன்று. நிலக்காரர் விரும்புவது ஒன்றாகவும், அவர் பணம் கொடுப்பது வேறொன்றுக்காகவும் இருப்பதே கோளாறு. வரிசையும் இடைவெளியும் வேண்டுமானால், கூலியில் அவற்றுக்கென ஒரு பகுதி இருத்தல் வேண்டும்.

அச்சத்தினால் வேலை வாங்கிய காலமும் உண்டு. தஞ்சை ஜில்லாப் பண்ணைகளில் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக வழங்கியதை மூத்தோர் சொல்லக் கேட்டவர் பலர். பண்ணையாட்களின் போராட்டங்களுக்குப் பின் 1952-ஆம் ஆண்டில் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1968 டிசம்பர் 25-ஆம் நாள், கூலிப் பிணக்கின் நடுவே, கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையாயின. அச்சத்தால் வாங்கிய வேலை அச்சுறுத்துபவர் கண்ணெதிரில் மட்டும் நடைபெறும். அது விட்டுச்செல்லும் பகையோ தலைமுறைகளுக்கு நிற்கும்.

செய்யத்தக்கவை

முதலாவது, புதுமுறையைத் தொடங்கும் முதல் மூன்று நான்கு நாட்களுக்கு ஒப்பந்தத்தை நிறுத்தி நாட்கூலி கொடுக்க வேண்டும். கற்கும் நாளின் நஷ்டத்தை, லாபம் பெறுகிறவர் ஏற்பதே முறை. கை பழகியபின் ஒப்பந்தத்துக்குத் திரும்பலாம்.

இரண்டாவது, அளவு எல்லோர் கண்ணுக்கும் தெரிவதாயிருக்க வேண்டும். ஒரு மீட்டர் சதுரச் சட்டம் ஒன்றை மூங்கிலால் செய்துகொண்டு, வயலில் ஐந்து இடங்களில் வைத்து, நடவுக் கூட்டத்தின் தலைவி முன்னிலையில் குத்துக்களை எண்ணுக. பேசிய எண்ணிக்கை இருந்தால், முன்னரே பேசிய அதிகக் கூலியை அன்று மாலையே கொடுத்துவிடுக. விதையில் மிஞ்சும் சுமார் 21 கிலோவின் விலையிலிருந்தே இதற்கு ஒரு பங்கு ஒதுக்கலாம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஆழம் கவனிப்பாரற்றுப் போகும். ஆதலால் நாலைந்து நாற்றைத் தொட்டு ஆழத்தையும் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, இலேசான களைக்கருவியைத் தேர்ந்து பெண்களுக்கும் அதனை ஓட்டக் கற்பித்து, அவ்வேலைக்கு ஆணுக்குக் கொடுக்கும் கூலியையே கொடுக்க வேண்டும். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பது 1976-ஆம் ஆண்டிலேயே சட்டமாயிற்று. களையெடுப்பும் தங்களுக்கே என்று தெரிந்தால், வரிசை நேராக நட வேண்டுமென்ற அக்கறை நடுகிறவருக்கே உண்டாகும். வரிசை கோணினால் கருவி ஓடாதல்லவா?

நான்காவது, பேச்சும் நடத்தையும். வயதில் மூத்த பெண்ணை ‘அடி’ என்று விளிப்பதும், ஆளுக்கு ஆள் ஜாதி பார்த்துத் தனிக் குவளை வைப்பதும் இன்னும் சில இடங்களில் காணப்படுகின்றன. பின்னது சட்டப்படி குற்றம். முன்னது குற்றமன்றாயினும் வேலைக்குக் கேடு. குடிநீரும் நிழலும் உரிய நேரத்தில் ஓய்வும் தருவது தருமமன்று, கடமை.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

முன்பணம் கொடுத்து, அது தீரும்வரை வேறிடம் போகலாகாதென்று ஆளைக் கட்டிவைப்பது, 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆள் நிலையாகக் கிடைக்க அதுவே வழியென்று எண்ணும் நிலக்காரருக்கு அதிகாரிகள் இதனை முன்கூட்டியே எடுத்துரைப்பது இருதரத்தாருக்கும் நன்மை. நடவு தொடங்குமுன் நிலக்காரரையும் நடவுக் கூட்டத் தலைவிகளையும் ஒருங்கே அழைத்து, கூலியையும் அளவையும் வெளிப்படையாகப் பேசி முடிக்க உதவினால், பருவத்தின் நடுவில் எழும் பிணக்குகள் பெரிதும் குறையும்.

நல்ல விதையைத் தேடி நெடுந்தூரம் போகிறோம். அதை ஊன்றும் கையின் சிரத்தையைப் பெற அவ்வளவு தூரம் போக வேண்டுவதில்லை. கணக்கை நேராக்கினால் அது நம் வயலிலேயே கிடைக்கும்.