தட்டுச் சக்கரமும் எட்டு விநாடியும்

நான் ஆசிரியராக இருந்தபோது, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், ஒருநாள் காலை, முழங்கை, முழங்கால் எல்லாம் சிராய்ப்போடு வகுப்புக்கு வந்தான். அது ஆடி மாதம். ஏரிக்கரைச் சாலையில் சைக்கிளோடு சாய்ந்து விட்டானாம்.

வெளியே போய் சைக்கிளைப் பார்த்தேன். சிரிப்பதா, திட்டுவதா என்றே தெரியவில்லை. பழைய காலண்டர் அட்டைகளை வட்டமாக வெட்டி, போக்ஸ் கம்பிகள் வெளியே தெரியாதபடி இரண்டு சக்கரங்களிலும் சணல் கயிற்றால் கட்டியிருந்தான்! டி.வி.,யில் சைக்கிள் பந்தயம் பார்த்தானாம். அதில் சக்கரங்கள் தட்டு மாதிரி இருந்தனவாம்.

''சார், அவங்க மட்டும் ஏன் சார் விழல?'' என்று கேட்டான்.

நல்ல கேள்வி! ஆனால், அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்துத் தெரிந்து கொண்டதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன், குட்டீஸ்!

எதிர்காற்றில் சைக்கிள் மிதித்திருக்கிறீர்களா? யாரோ பின்னாலிருந்து கேரியரைப் பிடித்து இழுப்பது போல் இருக்கும். காற்றே வீசாத நாளிலும் இந்த இழுப்பு உண்டு. காற்றைத் தள்ளிக் கொண்டுதானே நாம் முன்னால் போக வேண்டும்? நம் வேகம் இரண்டு மடங்கானால், காற்றின் தடை நான்கு மடங்காகி விடும். அந்தத் தடையைத் தாண்டிப் போக, எட்டு மடங்கு சக்தி செலவாகும். மெதுவாகப் போகிறவர்களுக்கு இது பெரிய தொல்லையில்லை. மணிக்கு 50 கி.மீ., வேகத்தில் பறக்கும் பந்தய வீரர்களுக்கு, காற்றுதான் முதல் எதிரி.

இதில் சக்கரத்துக்கு ஒரு வேடிக்கையான குணம் உண்டு. நீங்கள் மணிக்கு 20 கி.மீ., வேகத்தில் போகிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். சக்கரத்தின் உச்சிப் பகுதி எவ்வளவு வேகத்தில் போகும் தெரியுமா? 40 கி.மீ.,! தரையைத் தொடும் பகுதியோ, அந்தக் கணத்தில் நகராமல் அப்படியே நிற்கும். நம்ப முடியவில்லையா? ஒரு வளையலைத் தரையில் மெதுவாக உருட்டிப் பாருங்கள். வளையலின் நடுப்பகுதி ஒரு சாண் நகர்வதற்குள், உச்சியில் வைத்த விரல் இரண்டு சாண் போய்விடும்.

ஆக, மேலே வரும் போக்ஸ் கம்பிகள் ஒவ்வொன்றும் சைக்கிளை விட வேகமாகக் காற்றில் பாய்கின்றன. மோர் கடையும் மத்து, தயிரைக் கலக்குகிறது இல்லையா? அதுபோல இந்தக் கம்பிகள் காற்றைக் கடைகின்றன. கடைவதற்கான சக்தி, பாவம், ஓட்டுபவரின் கால்களிலிருந்துதான் போக வேண்டும். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்தை வேகமாகச் சுழற்றிவிட்டு, ஒரு முழம் தள்ளி உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். காற்று வருவது தெரியும். கையை மட்டும் கம்பிப் பக்கம் கொண்டு போய்விடாதீர்கள்!

கம்பிகளை மூடிவிட்டால்? அப்படிப் பிறந்ததுதான் தட்டுச் சக்கரம். 1984 ஜனவரியில், இத்தாலி வீரர் பிரான்செஸ்கோ மோசர், மெக்சிகோ நகரில் இந்தச் சக்கரங்களோடு ஓட்டி, ஒரு மணி நேரத்தில் 51.151 கி.மீ., தூரம் கடந்தார். அதற்கு முன், 1972ல் பெல்ஜியம் வீரர் எடி மெர்க்ஸ் அதே நகரில் செய்த சாதனை 49.431 கி.மீ., 'வீரர் ஜெயித்தாரா, சக்கரம் ஜெயித்ததா?' என்ற சண்டை வராமல் இருக்குமா? பின்னாளில், இத்தகைய தனி வகை சைக்கிள்களில் செய்த சாதனைகளை வேறு பட்டியலில் வைத்துவிட்டனர்.

அப்படியானால், இரண்டு சக்கரத்தையும் மூடியவர்தான் எப்போதும் ஜெயிப்பாரா? இங்கேதான் கதை சுவாரசியமாகிறது.

1989 ஜூலை 23. 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தின் கடைசி நாள். மூன்று வாரங்களாக 3,000 கி.மீ.,க்கு மேல் ஓட்டியாகிவிட்டது. பிரான்ஸ் வீரர் லோரான் ஃபின்யோன் முதலிடத்தில் இருந்தார். அவருக்கு 50 விநாடி பின்னால், அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட். இந்த லெமாண்ட், 1987ல் வேட்டைக்குப் போன இடத்தில் தவறுதலாகச் சுடப்பட்டு, உயிர் பிழைத்து வந்தவர். உடலுக்குள் இன்னும் குண்டுச் சிதறல்கள் இருந்தன.

மிச்சம் இருந்தது, வெர்சாய் நகரிலிருந்து பாரிஸ் வரை 24.5 கி.மீ., மட்டும். ஒவ்வொருவராகத் தனித்தனியே கிளம்பி, கடிகாரத்தோடு போட்டி போட வேண்டும். இவ்வளவு குறைந்த தூரத்தில் 50 விநாடியைப் பிடிக்க முடியாது என்றே பலரும் நினைத்தனர்.

ஃபின்யோன் சைக்கிளில் இரண்டுமே தட்டுச் சக்கரங்கள். லெமாண்டுக்குப் பின்னால் மட்டும்தான் தட்டு. முன்னால் கம்பிச் சக்கரம். ஆனால், அவர் ஹேண்டில்பாரில் முன்னோக்கி நீளும் புதுமாதிரிப் பிடியைப் பொருத்தியிருந்தார். இரு கைகளையும் ஒன்றாக முன்னே நீட்டி, முதுகை வளைத்து, நீச்சல் குளத்தில் பாயப் போகிறவர் போல் குனிந்து கொண்டார். தலையில் நீர்த்துளி வடிவத் தொப்பி. ஃபின்யோன் தொப்பி போடவில்லை. பின்னால் கட்டிய குடுமி காற்றில் ஆடியது. இருக்கையில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த புண் வேறு அவரை வாட்டியது.

லெமாண்ட் 26 நிமிடம், 57 விநாடியில் முடித்தார். ஃபின்யோனுக்கு 58 விநாடி கூடுதலாக ஆனது. மொத்தக் கணக்கில் லெமாண்ட் வென்றது, வெறும் எட்டு விநாடியில்!

காற்றைத் தடுப்பதில் பெரும்பங்கு சக்கரம் அல்ல, ஓட்டுபவரின் உடம்புதான். சக்கரத்தால் கிடைக்கும் லாபம் உண்மை, ஆனால், சிறியது.

சரி, நம் மாணவன் ஏன் விழுந்தான்? தட்டுச் சக்கரம் பக்கவாட்டுக் காற்றுக்குப் பாய்மரம் போல. பின் சக்கரத்தைக் காற்று தள்ளினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. உடல் எடையில் பெரும்பகுதி அதன் மேல்தான் இருக்கிறது. முன் சக்கரமோ ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்பக் கூடியது. அதைக் காற்று தள்ளினால், ஹேண்டில்பாரே திரும்பிவிடும். இதனால்தான், சாலைப் பந்தயங்களில் பொதுவாகப் பின்னால் மட்டும் தட்டு வைக்கின்றனர். முன்னால், கம்பிகள் குறைவாக, ரிம் மட்டும் உயரமாக இருக்கும் சக்கரம். அந்த ரிம்மின் வடிவம், காற்று வழுக்கிச் செல்வதற்கு ஏற்றது. காற்றே வராத உள்ளரங்கில் மட்டும் இரண்டிலும் தட்டு. பலத்த காற்று வீசும் ஹவாய் தீவின் 'அயர்ன்மேன்' போட்டியில், பின்னால் கூடத் தட்டுச் சக்கரத்தை நீண்ட காலம் அனுமதிக்கவில்லை.

பள்ளிக்குப் போகும் வேகத்தில் இந்தச் சக்கரத்தால் பலன் தெரியாது. விலையோ, பல சைக்கிள்களின் விலை! டயரில் காற்றுச் சரியாக இருக்கிறதா, ரிம் கோட்டமில்லாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள், போதும். அட்டை கட்டும் வேலை மட்டும் வேண்டாம். கயிறு அவிழ்ந்து செயினில் சிக்கினால் ஆபத்து.

அந்த மாணவன் மறுநாள் முன் சக்கரத்து அட்டையை மட்டும் கழற்றிவிட்டு வந்தான். ''பின்னாடி இருக்கறது ஒண்ணும் பண்ணல சார்!'' என்றான். படித்துப் படித்து நான் பின்னால் தெரிந்து கொண்டதை, அவன் ஏரிக்கரையிலேயே கண்டுபிடித்து விட்டான்! அந்த அட்டையையும் கழற்றச் சொன்னேன். மனசே இல்லாமல் கழற்றினான்.