புல் பசித்த இடத்தில் குளோவர்

டொரொன்டோ பக்கம் வீடு வாங்கிய தமிழர் பலருக்கு மே மாதம் பிறந்தாலே ஒரு கவலை. பனி கரைந்து புல் தலைகாட்டும்போதே மஞ்சள் மஞ்சளாய் டேன்டிலியன் பூத்துவிடும். ஜூன் வந்தால் முக்கூட்டு இலைகளோடு குளோவர் படர்ந்து, புல்தரை முழுக்க வெள்ளைப் பூவாய் நிற்கும். கடையில் போய்க் களைக்கு மருந்து கேட்டால் பழைய மருந்துகள் கிடைக்காது. வீட்டுப் புல்தரையை அழகாக வைத்திருப்பதற்காக மட்டும் 2,4-டி போன்ற களைக்கொல்லிகளைத் தெளிப்பதை 2009 ஏப்ரல் முதல் ஒன்டாரியோ தடை செய்திருக்கிறது. இதற்கு வழிகாட்டியது கியூபெக்கில் உள்ள ஹட்சன் என்ற சிற்றூர். 1991இல் அந்த ஊர் போட்ட விதியை எதிர்த்துப் புல்தரைப் பராமரிப்பு நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2001இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கம் தீர்ப்பளித்தது.

மருந்து போனதில் ஒரு நன்மை உண்டு என்றே நினைக்கிறேன். எப்படிக் கொல்வது என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், இது ஏன் இங்கே வந்தது என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

விடை வேரில் இருக்கிறது. ஒரு குளோவர் செடியை மண்ணோடு மெல்லப் பெயர்த்து, வேரை நீரில் அலசிப் பாருங்கள். சல்லி வேர்களில் கடுகளவே இருக்கும் சிறு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் தரும் நிறம் அது. முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா, காற்றில் 78 சதவீதம் இருந்தும் எந்தச் செடியாலும் நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாத நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றுகிறது. இதே வேலையைத் தொழிற்சாலையில் செய்ய 400 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பமும், சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல இருநூறு மடங்கு அழுத்தமும் தேவைப்படும். குளோவர் வேரில் அது மண்ணின் சாதாரண வெப்பத்திலேயே நடக்கிறது.

ஆனால் சிக்கல் ஒன்று உண்டு. இந்த மாற்றத்தைச் செய்யும் நைட்ரஜனேஸ் என்ற நொதி, ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியாவுக்கோ மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இரண்டையும் சமாளிப்பதுதான் அந்தச் சிவப்புப் புரதத்தின் வேலை. ஆக்சிஜனைப் பிடித்துவைத்து, நொதியைத் தீண்டாத அளவுக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்கிறது. கிள்ளிப் பார்த்த முடிச்சு சிவந்திருந்தால் வேலை நடக்கிறது. பச்சை தட்டியிருந்தால் அதன் காலம் முடிந்தது.

பாக்டீரியா வேருக்குள் நுழையும் விதமும் அதிசயமானது. செடி வேரிலிருந்து ஃபிளாவனாய்டு என்ற பொருளைக் கசியவிட்டுத் தான் இருப்பதைச் சொல்கிறது. தனக்குரிய செடிதான் என்று அடையாளம் கண்ட பாக்டீரியா பதிலுக்கு ஒரு சமிக்ஞையை அனுப்புகிறது. உடனே வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவை வளைத்துக்கொள்கிறது. சர்க்கரையைச் செடி தருகிறது, நைட்ரஜனைப் பாக்டீரியா தருகிறது. நம் ஊரில் நெல் அறுத்த வயலில் உளுந்து விதைப்பதற்குப் பின்னால் இருப்பதும் இதே உறவுதான்.

இந்த ஏற்பாடு செடிக்குச் செலவு வைப்பது. அதனால் மண்ணில் நைட்ரஜன் தாராளமாக இருந்தால் குளோவர் புதிய முடிச்சு போடுவதைக் குறைத்துக்கொள்ளும். அங்கே புல் வேகமாக உயர்ந்து குளோவருக்கு வெயில் விழாமல் மறைத்துவிடும். நைட்ரஜன் வற்றிய மண்ணில் நிலைமை நேர்மாறு. புல் வெளுத்து மெலியும், குளோவர் மட்டும் கரும்பச்சையாய்ப் படரும். பின்பு அதன் வேரும் இலையும் மட்கி நைட்ரஜன் மண்ணில் சேர, புல் மறுபடி தேறும். மேய்ச்சல் நிலங்களில் குளோவர்த் திட்டுகள் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறுவதற்கு இந்தச் சுழற்சியும் ஒரு காரணம். ஆக, உங்கள் புல்தரையில் குளோவர் பெருகினால் புல் பசித்திருக்கிறது என்று பொருள்.

ஒரு காலத்தில் வட அமெரிக்காவில் இது தெரிந்தே விதைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் வரை புல் விதைக் கலவையில் குளோவர் இருப்பது வழக்கம். 1945இல் 2,4-டி விற்பனைக்கு வந்தது. செடியின் வளர்ச்சி ஊக்கியான ஆக்சினைப் போல நடித்து, அகன்ற இலைச் செடிகளைக் கட்டுப்பாடின்றி முறுக்கி வளரவைத்துக் கொல்வது அது. புல்லுக்கு ஒன்றும் ஆகாது. பின்னால் வந்த மெக்கோபுராப் போன்றவையும் சேர்ந்ததும் டேன்டிலியனோடு குளோவரும் மடிந்தது. மருந்துக்குத் தப்பாததால் அதையும் களைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் இந்த ஆக்சின் வகைக் களைக்கொல்லிகளின் ஆற்றலைக் கண்டறிந்தவர்களில் தார்ன்டன், நட்மன் இருவரும் இருந்தார்கள். பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சுகளை ஆராய்ந்தவர்கள் அவர்கள்! அறிவியல் வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் திருப்பங்களில் இது ஒன்று.

குளோவர் வேண்டாம் என்பவர்கள் முதலில் புல்லை ஒட்ட வெட்டுவதை நிறுத்த வேண்டும். குளோவரின் ஓடுதண்டு தரையோடு தரையாய் ஊர்ந்து கணுவுக்குக் கணு வேர் விடும், வெட்டும் இயந்திரத்தின் கத்திக்கு எட்டாது. தாழ வெட்டினால் புல்தான் இளைக்கும். மூன்று அங்குல உயரம் விட்டு வெட்டுங்கள். வெட்டிய புல்லை வாரிக் கொட்டாமல் அங்கேயே விட்டால் நைட்ரஜன் மண்ணுக்கே திரும்பும். செப்டம்பரில் உரமிட்டு, வெறுமையாய்க் கிடக்கும் இடத்தில் புல் விதை தூவுங்கள். கையால் பிடுங்கினால் கணுவோடு வர வேண்டும். டேன்டிலியனுக்கு இன்னும் ஆழமாகத் தோண்ட வேண்டும், ஆணிவேரில் துண்டு தங்கினாலும் மறுபடி துளிர்க்கும். ஒன்டாரியோவில் இரும்புச் சேர்மம் கலந்த களைக்கொல்லிக்குத் தடையில்லை. அடித்த சில மணி நேரத்தில் களையின் இலை கறுக்கும், ஆனால் குளோவருக்கு ஒருமுறை போதாது.

குளோவர் இருக்கட்டும் என்பவர்களுக்குப் பூக்காலத்தில் தேனீ நிறைய வரும். பூங்கொத்தில் கீழே தொங்கிப் பழுப்பேறும் சிறு பூக்கள் மகரந்தச் சேர்க்கை முடிந்தவை, நிமிர்ந்து நிற்பவை இன்னும் காத்திருப்பவை. வெறுங்காலோடு ஓடும் குழந்தைகள் இருந்தால் அந்த வாரங்களில் பூவை மட்டும் வெட்டிவிடலாம்.

எப்படிப் பார்த்தாலும் குளோவர் நகரத்தை விட்டு அடியோடு போகாது. அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உறங்கும். நகரத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளவும் அதற்குத் தெரியும். இலையைக் கடித்தால் ஹைட்ரஜன் சயனைடு வெளிவிட்டுப் பூச்சிகளை விரட்டும் செடிகள் குளோவரில் உண்டு, அந்தத் திறன் இல்லாதவையும் உண்டு. டொரொன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஓர் உலகளாவிய ஆய்வு, 26 நாடுகளின் 160 நகரங்களில் இதை அளந்து 2022இல் வெளியானது. நகரமும் நாட்டுப்புறமும் குளோவரை வெவ்வேறாக வளர்த்துவருகின்றன என்பதை அது காட்டியது. டொரொன்டோவிலேயே முன்பு நடந்த ஓர் ஆய்வில், நகர மையத்தை நெருங்க நெருங்கச் சயனைடு செடிகள் குறைந்தன. உறைபனி அந்தச் செடிகளின் செல்களைக் கிழித்தால் அவற்றின் நஞ்சே அவற்றைத் தாக்கும். நகர மையத்தில் பனிப்போர்வை மெல்லியது என்பதால் அங்கே செடியைக் குளிர் நேரடியாகத் தீண்டுகிறது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள்.