உப்புக்காற்றுக்கு எந்த றிவெற்?

காரைநகரிலோ பருத்தித்துறையிலோ கடலைப் பார்த்தபடி நிற்கும் வீடொன்றின் அலுமினியப் பீலியை அண்ணாந்து பாருங்கள். தகடு நன்றாகத்தான் இருக்கும். தகடுகளைப் பொருத்திய பொப் றிவெற்றின் வெள்ளைத் தலையும் பெரிதாகக் கெட்டிருக்காது. ஆனால் அந்தத் தலையின் நட்டநடுவில் உள்ள சிறு துவாரத்திலிருந்து பழுப்புக் கோடொன்று கீழ்நோக்கி வழிந்திருக்கும். அலுமினியத்துக்குக் கறள் பிடிக்காது என்று நம்பிக் காசு கொடுத்தவருக்கு அந்தக் கோடு விளங்குவதில்லை. அவர் வேலை செய்தவரைக் குறை சொல்வார். வேலை செய்தவர் கடற்காற்றைக் குறை சொல்வார். உண்மையான காரணம் றிவெற்றின் வயிற்றுக்குள் தங்கிவிட்ட ஒரு துண்டு இரும்பு.

பொப் றிவெற்றுக்கு இரண்டு உறுப்புகள். தட்டையான தலையும் அதற்குக் கீழே குழாயுமாக இருப்பது உடல். குழாயின் நடுவே நீட்டிக்கொண்டிருப்பது ஊசி. ஊசியின் அடிமுனை மட்டும் குழாயின் துளையைவிடச் சற்றுப் பருத்திருக்கும். தகடுகளில் போட்ட துளைக்குள் குழாயைச் செருகி, கருவியால் ஊசியைப் பிடித்து இழுத்தால், அந்தப் பருத்த முனை குழாயின் அடியை நசுக்கி மறுபக்கத்தில் புடைக்கச் செய்கிறது. தகடுகள் இறுகியதும், முன்கூட்டியே மெலிதாக்கி வைத்த கழுத்தில் ஊசி ‘டக்’கென்று முறிகிறது. நீளத் துண்டு கருவியோடு வந்துவிடும், பருத்த முனை உள்ளேயே இருந்துவிடும்.

மறுபக்கத்துக்குக் கை எட்டாத இடத்திலும் ஒருவர் தனியாக நின்று பூட்டலாம் என்பதே இதன் பெருமை. பழைய கப்பல்களுக்கும் பாலங்களுக்கும் அடித்த றிவெற்றை உலையில் பழுக்கக் காய்ச்சி, ஒருவர் ஒருபக்கம் தாங்கிப் பிடிக்க மற்றவர் மறுபக்கம் சம்மட்டியால் அடிக்க வேண்டும். விமானத்தின் குழல்களுக்குள் அப்படிச் செய்ய முடியாது. பிரித்தானியக் கடற்படையின் பொறியியலாளர் ஹமில்ரன் நீல் வைலி 1916 இல் குழாய் றிவெற்றை மூடும் முறையொன்றுக்குக் காப்புரிமை கோரினார். அதிலிருந்தே இந்த ஒருபக்க முறை வளர்ந்தது. 1920 களின் இறுதியில் பேர்மிங்ஹாமின் ஜோர்ஜ் ரக்கர் ஐலற் கம்பனி அதை விமான வேலைக்காகச் செய்யத் தொடங்கியது. இன்று யன்னல் சட்டம், பீலி, பஸ்ஸின் பக்கத்தகடு, லொறியின் பெட்டி என்று மெல்லிய தகடு எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் இதுதான். அலுமினியத்தை உருக்கி ஒட்டுவதும் இலகுவல்ல. உலோகம் 660 பாகை செல்சியஸில் உருகும், அதன் மேலுள்ள ஒட்சைட்டுப் படலமோ 2,000 பாகை தாண்டியும் உருகாது. அதனால்தான் ஊர்ப் பட்டறைகள் வெல்டிங்கை விட்டு றிவெற்றை நம்புகின்றன.

இரும்புக்கடையில் நடக்கும் பேச்சைக் கேட்டுப் பாருங்கள்.

“அண்ணை, ஒன்றரை நூல் றிவெற் ஒரு பெட்டி தாங்கோ.”

“நீளமோ, கட்டையோ தம்பி?”

அவ்வளவுதான். ஒன்றரை நூல் என்றால் 4.8 மில்லிமீற்றர், ஒரு நூல் என்றால் 3.2. பருமனும் நீளமும் கேட்கப்படுகின்றன, என்ன உலோகம் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்காவிட்டால் கிடைப்பது பெரும்பாலும் அலுமினிய உடலும் இரும்பு ஊசியும் கொண்டதுதான். மலிவானது, கையால் இழுக்க இலகுவானது, இரும்பு ஊசி வலிமையாக இழுப்பதால் பிடியும் நல்லது. ஊசிக்கு மெல்லியதாக நாகமுலாம் பூசியிருப்பார்கள். ஆனால் ஊசி முறிந்த முகத்தில் முலாம் ஏது? ஒவ்வொரு றிவெற்றின் நடுவிலும் வெற்று இரும்பு, மழைநீர் தேங்கக்கூடிய ஒரு குழியின் அடியில், வானத்தைப் பார்த்தபடி கிடக்கிறது. பீலியில் வழியும் பழுப்புக் கோடு அங்கிருந்துதான் புறப்படுகிறது.

இரும்பு தானாகக் கறள் பிடிப்பது ஒரு பங்கு. இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருப்பதால் வருவது மற்றப் பங்கு. சாதாரண தர விஞ்ஞானம் படித்த பிள்ளைகளுக்கு இது தெரியும். ஏகார் கூழில் இரும்பாணிகளை வைத்து, ஒன்றில் மக்னீசியத்தையும் இன்னொன்றில் செம்பையும் சுற்றிவிட்டுப் பார்ப்பார்கள். மக்னீசியம் சுற்றிய ஆணி தப்பிக்கொள்ளும், செம்பு சுற்றிய ஆணி விரைவாகக் கெடும். இரண்டு உலோகங்களும் அவற்றை இணைக்கும் உப்புநீரும் சேர்ந்தால் அது ஒரு சிறு மின்கலம். தாக்கம் கூடிய உலோகம் இலத்திரன்களை இழந்து கரைகிறது, மற்றது காப்பாற்றப்படுகிறது. பாடப்புத்தகத்தின் தொடரில் அலுமினியம் நாகத்துக்கு மேலே நிற்கும். கடல்நீரில் அந்த வரிசை மாறிவிடுகிறது. அலுமினியத்தின் ஒட்சைட்டுப் படலம் அதை ஓரளவு காப்பதால் நாகம் முன்னுக்கு வருகிறது: நாகம், அலுமினியம், இரும்பு, செம்பு, கடைசியில் கறையில் உருக்கு. இந்த வரிசையில் இரண்டு உலோகங்கள் எவ்வளவு தள்ளி நிற்கின்றனவோ அவ்வளவு ஆபத்து.

அப்படியென்றால் அலுமினியம் தன்னைக் கொடுத்து இரும்பு ஊசியைக் காப்பாற்ற வேண்டுமே என்று கேட்கலாம். கடலுக்குள் மூழ்கிக் கிடந்தால் ஓரளவுக்கு அப்படி நடக்கும். காற்றில் இருக்கும் பீலியில் ஈரம் வருவதும் காய்வதுமாக இருக்கிறது, ஈரப்படலம் துண்டு துண்டாக நிற்கிறது, காப்பு எட்டாத இடத்தில் இரும்பு கறள் பிடிக்கிறது. எட்டிய இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகிறது. இரண்டும் கெடுவதுதான் மிச்சம். கறளாக மாறும் இரும்பு பருமனில் பெருகுவதால் குழாயை உள்ளிருந்து நெருக்கவும் செய்யும்.

இதைக் கடற்படைக்காரர்கள் பெரும் விலை கொடுத்துத்தான் கற்றார்கள். 1761 இல் பிரித்தானியக் கடற்படை எச்.எம்.எஸ். அலாம் என்ற கப்பலின் அடிப்பாகத்துக்குச் செம்புத் தகடு போர்த்தியது. மரத்தைத் துளைக்கும் புழுவைத் தடுப்பதே நோக்கம். தகடு அந்த வேலையைச் செய்தது. மேற்கிந்தியக் கடலிலிருந்து கப்பல் திரும்பியபின் 1763 இல் பார்த்தபோது, செம்பைப் பிடித்திருந்த இரும்பாணிகள் பல இடங்களில் கரைந்துபோய்த் தகடு கழன்றிருந்தது. சில ஆணிகள் மட்டும் சேதமில்லாமல் இருந்தன. தகடு வந்திறங்கியபோது சுற்றியிருந்த பழுப்புக் காகிதத்தை எடுக்காமலே அங்கே அடித்துவிட்டிருந்தார்கள்! அந்தக் காகிதம் செம்பையும் இரும்பையும் தொடவிடாமல் பிரித்து வைத்திருந்தது. மின்கலம் என்ற சொல்லே இல்லாத காலத்தில், வோல்ற்றா தன் அடுக்கைச் செய்வதற்கு 37 ஆண்டுகள் முன்பு, தீர்வு அந்தக் காகிதத்தில் இருந்தது.

அலாம் கப்பல் இன்னொன்றையும் காட்டுகிறது. பெரிய செம்புப் பரப்பு, சிறிய இரும்பாணி. கரையும் உலோகம் சிறிதாகவும் காப்பாற்றப்படும் உலோகம் பெரிதாகவும் இருந்தால் முழுத் தாக்கமும் அந்தச் சிறு துண்டின்மேல் விழுகிறது. யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் இது இன்றும் பொருந்தும். 1940 களின் இறுதியிலும் 50 களிலும் வந்த ஒஸ்ரின் ஏ-40 கார்கள் இங்கே இன்னும் ஓடுகின்றன. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயிலும் ஓடிய வண்டிகள் அவை. அவற்றின் உருக்குத் தளம் உக்கிய இடத்தில் புதுத் தகடு வைத்து றிவெற் அடிக்கும்போது அலுமினிய றிவெற்றைப் போட்டால், பரந்த உருக்கின் நடுவே அது சிறு பலியாடு. மழைக்காலத்துச் சேற்றில் தலை கழன்றுவிடும். உருக்கு உடலும் உருக்கு ஊசியும் கொண்ட றிவெற்றை அடித்து மேலே பெயின்ற் பூசுவதே சரி.

மறுதலையாக, அலுமினியத் தகட்டில் கறையில் உருக்கு றிவெற் போட்டால் கரைய வேண்டியது பரந்த தகடு. தாக்கம் அதில் பரவலாக விழுவதால் பல இடங்களில் தாங்கும். ஆனால் தண்ணீர் தேங்கும் இடத்தில் றிவெற்றைச் சுற்றித் தகடு வளையமாக அரிபடும். அங்கே இரண்டுக்கும் நடுவே பெயின்ற், சிலிக்கோன் அல்லது நைலோன் வோசர் வேண்டும். அலாமின் காகிதத்துக்கு இன்றைய பதில் அதுதான்.

நம்முடைய காற்றின் தன்மையைக் கணக்கில் எடுக்காமல் றிவெற் தெரிவு செய்ய முடியாது. குடாநாட்டில் எந்த ஊரும் கடலுக்கோ களப்புக்கோ தொலைவில் இல்லை. சோளகம் வீசும் மாதங்களில் மழை அரிது. அலையில் கிளம்பும் உப்புத்துகள் காற்றோடு வந்து தகட்டில் படிந்துகொண்டே இருக்கும், கழுவ ஆளில்லை. சாப்பாட்டு உப்பு, காற்றின் சாரீரப்பதன் 75 வீதத்தைத் தொட்டதும் தானே நீராகிவிடும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் இருப்பதால் அது அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியும். அதனால் மழை இல்லாத இரவிலும் தகட்டின்மேல் மின்பகுபொருள் தயாராக இருக்கிறது. மாரி மழை திறந்த கூரையைக் கழுவிவிடும். தாழ்வாரத்தின் அடிப்பக்கத்தையும் பீலியின் பின்புறத்தையும் அது தொடுவதில்லை. நனையாத இடம் பாதுகாப்பானது என்று நினைக்கிறோம். கரையோரத்தில் அந்த இடம்தான் முதலில் கெடும். வருடத்தில் சில தடவை குழாய்த் தண்ணீரை அங்கே அடித்து விடுவது எந்தப் பூச்சுக்கும் குறைந்த உதவியல்ல. கிணறு உவராக இருந்தால் மழைநீரைப் பிடித்து வைத்துக் கழுவுங்கள்.

ஆகவே பீலிக்கும் யன்னலுக்கும் அலுமினிய உடலும் அலுமினிய ஊசியும் கொண்ட றிவெற்றைக் கேளுங்கள். பலம் சற்றுக் குறைவு, அந்த வேலைக்குப் போதும். பீலியில் நீர் கசியக்கூடாது என்றால், அடிப்பக்கம் மூடிய வகை இருக்கிறது. ஊசிமுனை குழாய்க்குள் அடைபட்டிருக்கும், துவாரத்தின் வழியே தண்ணீர் மறுபக்கம் போகாது. இரும்பு ஊசியுள்ள றிவெற்றைக் கரையோர வீட்டின் வெளிவேலைக்குப் பயன்படுத்துவதை நம் ஊரில் அடியோடு விட்டுவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. வீட்டுக்குள் அலுமாரிக்கும் தடுப்புக்கும் அதுவே போதும். வாங்கும்போது ஒரு காந்தத்தை ஊசியில் வைத்துப் பாருங்கள், பற்றிப் பிடித்தால் இரும்பு. கறையில் உருக்கு ஊசியும் இழுத்து நீட்டிச் செய்யப்படுவதால் சிலவேளை இலேசாக ஒட்டும், ஆனால் இரும்பைப்போலப் பாய்ந்து பிடிக்காது.

கறையில் உருக்கு றிவெற் அதே பருமனுள்ள அலுமினியத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் தாங்கும். ஆனால் 4.8 மில்லிமீற்றரைச் சாதாரணக் கைக்கருவியால் இழுப்பது பெரும்பாடு, நீளக் கைப்பிடிக் கருவி வேண்டும். அதிலும் இரண்டு தரம் உண்டு. 304 இல் மொலிப்டினம் இல்லை, 316 இல் 2 முதல் 3 வீதம் இருக்கிறது. குளோரைட்டு போடும் ஊசிக்குழிகளை அந்தச் சிறு பங்கு நன்றாகத் தடுக்கிறது. படகுக்கு 316 தான்.

படகென்றதும் பைபர். காரைநகரில் நோர்வே உதவியோடு எழுந்த சீநோர் படகுத்துறை காலத்திலிருந்தே கண்ணாடி நாரிழை நமக்குப் பழகிய பொருள். அது உலோகம் அல்ல, மின்கலம் ஆகாது. ஆனால் சாதாரண றிவெற்றின் புடைப்பு சிறு இடத்தில் அழுத்தி அதை வெடிக்க வைக்கும். பின்பக்கம் மூன்று இதழாகப் பிரிந்து விரியும் வகையும் அகலத் தலையும் இதற்கு ஏற்றவை. துளையின் விளிம்பில் நாரிழை வெளியே தெரிவதால் பிசின் தடவிவிட்டுத்தான் றிவெற்றைச் செருக வேண்டும்.

அளவு பற்றிச் சுருக்கமாக: றிவெற்றின் விட்டம் தடித்த தகட்டின் தடிப்புக்குக் குறையக்கூடாது. துளை றிவெற்றைவிட 0.1 முதல் 0.2 மில்லிமீற்றர் மட்டும் பெரிதாக இருக்கட்டும். தகட்டின் ஓரத்திலிருந்து விட்டத்தின் இரண்டு மடங்காவது தள்ளிப் போடுங்கள். நீளத்தைக் கண்ணால் மட்டிடாமல் பெட்டியில் போட்டிருக்கும் பிடிதடிப்பை, அதாவது றிவெற் பூட்டக்கூடிய தகடுகளின் மொத்தத் தடிப்பை, பார்த்து வாங்குங்கள். நீளம் கூடினால் புடைப்பு தளர்வாக உருவாகும், குறைந்தால் உருவாகவே மாட்டாது.

அளவைப் போலவே மூட்டும் முக்கியம். பாக்கு நீரிணைக்கு அப்பால், 1914 பெப்ரவரி 24 இல் திறந்த பழைய பாம்பன் பாலம் உருக்கை றிவெற்றால் இணைத்துக் கட்டப்பட்டது. நூறு ஆண்டு தாண்டியும் அது நின்றதற்குக் காரணம் ஓயாத பராமரிப்பு. 2025 ஏப்ரல் 6 இல் திறந்த புதிய பாலத்தின் மூட்டுகளை முழுவதும் வெல்டிங்கால் இணைத்தார்கள். இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று படியும் இடைவெளியில்தான் உப்பும் ஈரமும் குந்திக்கொள்கின்றன, அரிப்பும் அங்கேதான் தொடங்குகிறது. வெல்டிங்கால் அந்த இடைவெளியைத் தவிர்க்கும் வசதி மெல்லிய தகட்டில் நமக்கில்லை. மூட்டுக்குள் சிலிக்கோன் தடவிவிட்டு றிவெற் அடிக்கலாம், அது நம்மால் முடியும்.

ஏற்கெனவே பழுப்புக் கோடு விழுந்த பீலியைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. முதலில் ஊசியின் மிச்சத்தை மெல்லிய தமரூசியால் பின்பக்கம் தட்டித் தள்ளுங்கள், இல்லாவிட்டால் துளைக்கும் அலகு அதில் வழுக்கும். பிறகு றிவெற்றின் அதே பருமனுள்ள அலகால் தலையைத் துளைத்து எடுங்கள். பெட்டிச் சட்டமாக இருந்தால் உள்ளே விழுந்த இரும்பு முனைகளையும் துளைத்த சீவலையும் தட்டிக் கொட்டிவிட வேண்டும், அங்கேயே கிடந்தால் அடுத்த கறையை அவைதான் போடும். வெள்ளைப் பொடியைச் சுரண்டி, நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிட்டு, துளை பெருத்திருந்தால் ஒருபடி பெரிய அலுமினிய ஊசி றிவெற்றைச் சிலிக்கோனில் தோய்த்துப் பூட்டுங்கள்.